திறந்த காருக்கு எந்த ஆடியோ செட்? ஒரு யூனோஸ் ரோட்ஸ்டரை வைத்து ஓர் ஒப்பீடு

என்னுடைய கார் 1992இல் ஹிரோஷிமாவில் செய்தது. வெளிநாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற, கூரை திறக்கும் அதே வண்டிதான். ஜப்பானுக்குள் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர். ஜப்பானிலும் இங்கிலாந்திலும் ஸ்டியரிங் வலது பக்கம் என்பதால், ஜப்பானில் ஓடிக் களைத்த யூனோஸ்கள் ஏராளமாகக் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்திருக்கின்றன. என்னுடையதும் அப்படி வந்ததுதான்.

வண்டியில் எல்லாம் சரி, ரேடியோ மட்டும் கிட்டத்தட்ட ஊமை. ஜப்பானில் அந்தக் காலத்து எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிந்துவிடும். பிரிட்டனில் 87.5இல் தொடங்கி 108 வரை போகும். இரண்டுக்கும் பொதுவான அந்தச் சின்னத் துண்டில் உட்கார்ந்திருப்பது பிபிசி ரேடியோ 2. ஆகவே முதல் சில மாதங்கள், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ரேடியோ 2தான் கேட்டேன். இலங்கையில் ஜப்பான் ரீகண்டிஷன் கார் வாங்கியவர்களுக்கு இது பழகிய கதை. அங்கே பலர் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஏரியல் வயரில் செருகிச் சமாளிப்பார்கள்.

செட் மாற்றலாம் என்று முடிவு செய்தபோது ஒரு பிழை விட்டேன். வழக்கமான கூரை போட்ட காருக்கு வாங்குவதுபோல வாங்கினேன்: பெரிய திரை, நிறைய வசதி, நல்ல விலை. ஒரே கோடையில் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினேன். கூரையைத் திறந்து ஓட்டுகிற வண்டிக்கு எது சரிவரும், எது வராது என்பதை அந்தச் செலவில்தான் கற்றுக்கொண்டேன்.

முதலில், இந்தக் காரில் என்ன மாட்டலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கார் செட்டுகளுக்கு டின் என்று ஓர் அளவு உண்டு. ஜெர்மன் தரநிர்ணய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம்தான் டின். சிங்கிள் டின் என்றால் ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் அகலம், 50 உயரம். டபுள் டின் என்றால் அதே அகலம், 100 உயரம். முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5களில் (1989 முதல் 97 வரையும், 98 முதல் 2005 வரையும் வந்தவை) டாஷ்போர்டில் டபுள் டின் துளை நேராகவே இருக்கிறது. மூன்றாம் தலைமுறையில் ஆடியோ டாஷ்போர்டின் வடிவத்தோடு சேர்த்துச் செய்யப்பட்டது. மாற்ற வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு முகப்புச் சட்டம் வாங்க வேண்டும். 2015க்குப் பிந்திய வண்டியில் திரையே காரின் ஓர் அங்கம். அங்கே செட் மாற்றும் பேச்சே இல்லை. ஆக, இங்கே நான் சொல்வது பழைய இரண்டுக்கும்தான், அதிலும் முக்கியமாக என்னிடம் இருக்கும் முதலாவதற்கு.

பழைய செட்டையே வைத்துக்கொள்வது

இதை எல்லோரும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட காரில் அதன் பிறப்போடு வந்த செட் இருந்தால் விற்கும்போது அதற்கு மதிப்பு இருக்கிறது. டாஷ்போர்டு விளக்கோடு அதன் நிறமும் பொருந்தும்.

பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ன செய்கிறது என்றால், மேலே உள்ள அலைவரிசைகளை ஒரு குறிப்பிட்ட அளவு கீழே இறக்கி ரேடியோவுக்குக் கொடுக்கிறது. ஆனால் ஜப்பான் ரேடியோவின் மொத்த அகலமே 14 மெகாஹெர்ட்ஸ்தான். பிரிட்டனுடையதோ 20க்கு மேல். எப்படி இறக்கினாலும் ஒரு பகுதி விட்டுப்போகும். திரையில் தெரியும் எண்ணும் உண்மையான எண்ணாக இருக்காது. விலை சில பவுண்டுகள், ஒலியும் அந்த விலைக்கு ஏற்றபடிதான்.

இன்னொரு வழி எனக்குக் கொஞ்சம் பிடித்தது. பழைய செட்டை அப்படியே முகப்புக்கு விட்டுவிட்டு, பின்னால் உள்ளங்கை அளவு புளூடூத் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ஒளித்து வைத்து, ஸ்பீக்கர்களை அதில் இணைத்துவிடுவது. பாட்டு போனிலிருந்து வரும். டாஷ்போர்டு 1992ஆகவே இருக்கும். திருடனுக்கும் அங்கே ஆசைப்பட ஒன்றும் இல்லை. குறை என்னவென்றால், ஒலியைக் கூட்டக் குறைக்கப் போனைத் தொட வேண்டும். 2022 மார்ச்சிலிருந்து பிரிட்டனில் ஓட்டும்போது கையில் போனைப் பிடித்தால், கிட்டத்தட்ட எதற்காகப் பிடித்தாலும், 200 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 6 புள்ளிகளும். தாங்கியில் நிறுத்தி வைத்தால் சட்டம் விடுகிறது. ஆனால் திறந்த காரில் ஜூலை வெயில் நேராக விழும் இடத்தில் தாங்கியில் நின்ற போன் அரை மணி நேரத்தில் சூடேறி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு ஓய்வுக்குப் போய்விட்டது. ஒளித்து வைக்கும் ஆம்ப் வாங்குவதானால் கம்பியோடு தனி வால்யூம் குமிழ் வருகிற மாதிரி பார்த்து வாங்குங்கள்.

டபுள் டின் தொடுதிரை

நான் பட்டது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கடையில் மின்விளக்கின் கீழ் அந்தத் திரை ஜொலித்தது. வரைபடம், பாட்டு, அழைப்பு எல்லாம் ஒரே இடத்தில். போனில் இருப்பதைத் திரையில் காட்டும் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் வரும். விலை 200 பவுண்டிலிருந்து 500 வரை. பெயர் தெரியாத பிராண்டு என்றால் அதற்கும் கீழே.

முதல் வெயில் நாளிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. கூரை உள்ள காரில் திரைக்கு மேலே எப்போதும் ஒரு நிழல் இருக்கும். அந்த நிழலை நம்பித்தான் இந்தத் திரைகளைச் செய்கிறார்கள். கூரையைத் திறந்ததும் வானம் முழுவதும் கண்ணாடியில் வந்து விழுகிறது. நான் பார்த்தது வரைபடத்தை அல்ல, என்னுடைய சட்டையின் பிரதிபிம்பத்தை. வெள்ளைச் சட்டை போட்ட நாளில் சுத்தமாக ஒன்றும் தெரியாது. அப்புறம் கறுப்புக் கண்ணாடி. போலராய்ட் கண்ணாடி போட்டிருந்தால் சில எல்சிடி திரைகள் ஒரு கோணத்தில் மொத்தமாகவே இருண்டுவிடும். திரை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், தலையைச் சாய்த்துப் பாருங்கள். பளபளப்பான மேற்பரப்பு வேண்டாம், மங்கலான மேற்பரப்பு வேண்டும்.

இரண்டாவது, இடம். இந்தக் காரில் ஏசி, ஹீட்டர் குமிழ்கள் மேலே இருக்கின்றன; செட் அவற்றுக்குக் கீழே, கியர் கம்பிக்குப் பக்கத்தில். வழி பார்க்க வேண்டுமானால் பார்வையைச் சாலையிலிருந்து முழங்கால் மட்டத்துக்கு இறக்க வேண்டும். இந்த வண்டியே உயரம் குறைந்தது. பக்கத்தில் ஒரு லாரி வந்தால் அதன் சக்கரம்தான் நம் கண் மட்டத்தில் நிற்கும். அந்த நேரத்தில் கீழே குனிந்து திரையைத் தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, கையுறை. இங்கிலாந்தில் கூரை திறந்து ஓட்டுவதற்குக் கோடை மட்டும்தான் என்று காத்திருந்தால் வருடத்தில் சில நாட்கள்தான் மிஞ்சும். இங்குள்ளவர்கள் தொப்பியும் கையுறையும் போட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, ஜனவரியிலும் கூரையை இறக்குவார்கள். நானும் இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருவன். சாதாரணக் கையுறைக்குத் தொடுதிரை பதில் சொல்வதில்லை. திடீர்த் தூறலில் நாலு துளி திரையில் பட்டால், அதையே விரல் என்று நினைத்துக்கொண்டு தானாகப் பாட்டு மாற்றுகிறது.

நான்காவது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. வாங்கியது ஆண்ட்ராய்டு செட். சாவியைத் திருப்பியதும் உடனே விழிக்க வேண்டும் என்பதற்காக அது முழுதாக அணையாமல் தூக்கத்தில் இருக்கும். அதற்கும் மின்சாரம் வேண்டும். இந்தக் காரின் பேட்டரி டிக்கியில் இருக்கும் சின்ன பேட்டரி. மூன்று வாரம் வண்டியை எடுக்காமல் விட்டேன். திரும்பி வந்தபோது கதவு விளக்குகூட எரியவில்லை. செட் அமைப்புகளில் முழுதாக அணைக்கும்படி மாற்றலாம். மாற்றினால் ஒவ்வொரு தடவையும் அது கண் விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் டபுள் டின் கூடவே கூடாது என்று சொல்ல மாட்டேன். வருடத்தில் பாதி நாள் ஹார்டு டாப் (கழற்றி மாட்டும் கெட்டிக் கூரை) போட்டு ஓட்டுபவர், அல்லது தினமும் வேலைக்கு இதே வண்டியில் போய் வருபவர், தாராளமாகப் போடலாம். பெயர் தெரிந்த பிராண்டில், மங்கலான திரையுடன், வால்யூமுக்கு உண்மையான குமிழ் உள்ளதாகப் பார்க்க வேண்டும். வால்யூமையும் திரையிலேயே தொடச் சொல்லும் செட்டை மட்டும் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சிங்கிள் டின்னிலிருந்து வெளியே நீளும் திரை

சிங்கிள் டின் உடம்பில் ஒன்பது அங்குலத் திரையைக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தும் செட்டுகள் ஆல்பைன், சோனி, பயனியர் எல்லோரிடமும் உண்டு. பெரிய காருக்கு அழகாக இருக்கும். இந்தக் காரில் அது மேலே உள்ள ஹீட்டர் குமிழ்களை மறைக்கும், கீழே இறக்கினால் கியர் போடும் கையில் இடிக்கும். மோட்டாரில் மடிந்து உள்ளே போகும் வகை திருட்டுக்கு நல்லது. ஆனால் கூரை இல்லாத காரில் தூசியும் வண்டி உடம்பின் நடுக்கமும் அதிகம். சின்னப் பல்சக்கரங்களை நம்பி நிற்கும் எதையும் நான் அங்கே வைக்க மாட்டேன். இதற்கு மேல் பேச இதில் ஒன்றும் இல்லை.

குமிழோடு, கழற்றும் முகப்போடு ஒரு சிங்கிள் டின்

இப்போது என் காரில் இருப்பது இது. சிடி இல்லாத செட். சிடி பொறிமுறை இல்லாததால் ஆழம் குறைவு, பின்னால் வயருக்கு இடம் கிடைக்கிறது. டிஏபி டிஜிட்டல் ரேடியோ, புளூடூத், யுஎஸ்பி உண்டு. 80 பவுண்டிலிருந்து 150க்குள் நல்லதாகவே கிடைக்கும். துளையின் மீதிப் பாதிக்கு ஒரு சின்னத் தட்டு வைத்து மூடியிருக்கிறேன். போனை அதற்குள் வைத்தால் வெயில் படாது.

முதல் காரணம் குமிழ். பார்க்காமலே கை போகிறது. மோட்டர்வேயிலிருந்து இறங்கி வேகம் குறையும்போது ஒலியையும் குறைக்க வேண்டும், மறுபடி ஏறும்போது கூட்ட வேண்டும். கூரை மூடிய காரில் அரிதாகச் செய்யும் இந்த வேலையை இங்கே ஒரு பயணத்தில் முப்பது தடவை செய்கிறோம்.

இரண்டாவது, கழற்றும் முகப்பு. கூரை உள்ள காரில் இதை இன்று யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. துணிக்கூரைக்கு ஒரு சமையலறைக் கத்தி போதும். செட் 100 பவுண்டு. கிழிந்த துணிக்கூரையை மாற்ற அதைப்போலப் பல மடங்கு. அதனாலேயே, வந்தவன் கூரையைக் கிழிக்காமல் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று கதவைப் பூட்டாமல் விடுபவர்கள் இங்கே உண்டு. இதைச் செய்வதற்கு முன்னால் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தைப் படித்துவிடுங்கள். நான் முகப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். உள்ளே எட்டிப் பார்ப்பவருக்கு ஒரு கறுப்புப் பள்ளம் மட்டும் தெரியும்.

எழுத்து தெரியும் வகையிலும் வித்தியாசம் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் நீல எழுத்து வெயிலில் மறைந்துபோகும். வெள்ளை எழுத்து, அதுவும் பெரிதாக இருந்தால், ஓரளவு தெரியும். சரி, பாட்டின் பெயர் தெரியாவிட்டால் என்ன, காதில்தான் கேட்கிறதே என்று விட்டுவிட்டேன். வழி வேண்டுமானால் போன் குரலால் சொல்கிறது.

இதிலேயே ஒரு கிளை உண்டு: உள்ளே புது வசதி, வெளியே பழைய முகம். ப்ளாபுங்க்ட், கான்டினென்டல் போன்ற பெயர்களில் எண்பதுகளின் முகத்தோடு புளூடூத், டிஏபி உள்ள செட்டுகள் வந்திருக்கின்றன. போர்ஷே நிறுவனம் 2020இல் தன் பழைய கார்களுக்கென்றே சின்னத் திரையோடு கார்ப்ளே உள்ள சிங்கிள் டின் செட் ஒன்றை விற்கத் தொடங்கியது. கார் செய்தவர்களே முன்வந்து பழைய துளைக்குப் புது செட் செய்து கொடுப்பது நல்ல சங்கதி, விலை போர்ஷே விலை. யூனோஸின் எளிமையான டாஷ்போர்டுக்குப் பழைய முகம் மிகவும் பொருந்தும். கழற்றும் முகப்பு உள்ளதா என்று மட்டும் பாருங்கள். இந்த வகையில் அது எல்லாவற்றிலும் இருக்காது.

பணத்தை எங்கே போடுவது

டபுள் டின்னுக்கும் சிங்கிள் டின்னுக்கும் இடையில் மிஞ்சும் இருநூறு முந்நூறு பவுண்டைத்தான் நான் உண்மையில் இந்த ஒப்பீட்டின் மையம் என்று நினைக்கிறேன். அது ஸ்பீக்கருக்குப் போக வேண்டும்.

மூடிய காரில் அறை சிறியது என்பதால் தாழ்ந்த ஒலிகள் தாமாகவே பெருகும். கூரையைத் திறந்ததும் அந்த உதவி காற்றோடு போய்விடும். மேலே காற்றின் இரைச்சலும் சேர்ந்து மிஞ்சியிருக்கும் பேஸையும் விழுங்கிவிடும். செட்டின் பெட்டியில் 50 வாட் பெருக்கல் நாலு என்று போட்டிருப்பது உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடியது ஏறத்தாழ 20 வாட்தான். அதை 45 வாட் தரும் தனி ஆம்ப் வைத்து மாற்றினாலும் கூடுவது மூன்றரை டெசிபல். ஆனால் உணர்திறன் (ஒரு வாட்டுக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவு) 88 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 92 உள்ளதைப் போட்டால், ஒரு வாட்கூட அதிகம் செலவில்லாமல் 4 டெசிபல் கிடைத்துவிடுகிறது. ஆகவே முதலில் ஸ்பீக்கர், அப்புறம் ஆம்ப். டபுள் டின் துளையில் மிஞ்சும் பாதிக்குப் பின்னால் சின்ன ஆம்ப் ஒன்று தாராளமாக உட்காரும். நான் அடுத்த வருடம் வைத்தேன்.

கதவுக்குள் மழைநீர் இறங்கும், இந்தக் காரில் நிச்சயமாக இறங்கும். காகிதக் கூம்பு வேண்டாம். பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதாக எடுங்கள், படகுக்கென்று விற்பதும் நல்லதே. ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து வாங்குங்கள், கண்ணாடி இறங்கும்போது காந்தத்தில் முட்டக் கூடாது. செட்டில் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஹை பாஸ் வடிகட்டியை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்தால், காற்றில் கரையப்போகும் பேஸுக்காகக் கூம்பு வீணாக மூச்சு வாங்காது. தெளிவாக உரக்கப் பாடும். ஈக்வலைசரில் கூரை மூடியதற்கு ஒன்று, திறந்ததற்கு ஒன்று என்று இரண்டாகச் சேமித்துக்கொள்ளலாம்.

இந்தக் கார்களில் பலவற்றில் இருக்கையின் தலை சாயும் பகுதிக்குள் சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். பழைய மஸ்டா ஆட்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்: காதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருப்பதைக் காற்றால் அவ்வளவு எளிதில் அடிக்க முடியாது. அவற்றைச் செட்டின் பின்பக்க வயர்களில் கொடுத்தால், கூரை திறந்தபோது ஒலியைப் பின்னால் நகர்த்திக்கொள்ளலாம்.

மாட்டும்போது

மாட்டுவது ஒரு சனிக்கிழமை வேலை. நடுவிலுள்ள வட்டக் காற்றுத் துளைகள் இரண்டையும் முதலில் இழுத்து எடுக்க வேண்டும். அவற்றுக்குப் பின்னால் திருகுகள் இருக்கின்றன. முப்பது வருடப் பிளாஸ்டிக், குளிரில் சட்டென்று உடையும். வெயில் நாளில் செய்யுங்கள்.

காரின் வயர்முனையை வெட்டாதீர்கள். எனக்கு முன்னால் இந்த வண்டியை வைத்திருந்தவருக்கு யாரோ ஒரு கடைக்காரர் அதை வெட்டி நாடா சுற்றிக் கொடுத்திருந்தார். எது எந்த ஸ்பீக்கர் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு நாள் போனது. அந்தக் காலத்து மஸ்டாவுக்கான மாற்று வயர் ஒரு சிறு தொகைதான். புதுச் செட்டின் பக்கத்தில் நிறங்கள் பொதுவாக ஒன்றே: மஞ்சள் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவியோடு வருவது, கறுப்பு எர்த்.

நீலத்தில் கவனம். வெறும் நீலம் ஏரியலைத் தூக்கும் மோட்டாருக்கு. நீலமும் வெள்ளையும் கலந்தது ஆம்புக்கு. ஏரியல் மோட்டாரை இரண்டாவதில் கொடுத்துவிட்டால், போனிலிருந்து பாட்டுக் கேட்கும்போதும் பின் மட்கார்டில் கம்பி நீண்டு நிற்கும். டிஏபி ஏரியலை முன்கண்ணாடியில் ஒட்டலாம். கூரை திறந்தாலும் மூடினாலும் அந்தச் சட்டம் அசையாதது என்பதால் பிரச்சினை இல்லை. அதன் எர்த் தகடு மட்டும் பக்கத் தூணின் இரும்பில் பட வேண்டும், பெயிண்டுக்கு மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கில் அல்ல.

கைபேசி அழைப்புக்கான மைக்கை ஸ்டியரிங் தண்டின் மூடியில், மீட்டருக்கு முன்னால் ஒதுக்கமாக வைத்தேன். கிராமச் சாலையில் நாற்பது மைல் வேகம்வரை எதிர்முனையில் இருப்பவருக்குப் புரிகிறது. மோட்டர்வேயில் கூரை திறந்திருந்தால் எந்த மைக்கும் உதவாது, அம்மா ஒவ்வொரு தடவையும் “எங்கேயடா நிக்கிறாய், புயலா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

எல்லாவற்றையும் திருகி மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பழைய செட்டைத் தூக்கி எறியாதீர்கள். என்னுடையது துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில், வட்டத் துளைகளின் உடைந்த இரண்டு கொக்கிகளோடு, ஒரு பெட்டியில் இருக்கிறது.